ஹைதராபாத் ரேஷன் அரிசித் திருட்டு: பிடிபட்டது ஆலையா, அட்டையா?

புது தில்லி: ஏழைக் குடும்பங்களுக்கு ஒதுக்கப்படும் ரேஷன் அரிசி வழியிலேயே திருடுபோகாமல் காப்பது எப்படி என்ற கேள்விக்கு நாட்டிலேயே அதிகமான விடைகளைச் சோதித்துப் பார்த்த நகரங்களுள் ஒன்று ஹைதராபாத். கருவிழிப் படம், கைரேகைக் கருவி, லாரிகளில் ஜி.பி.எஸ்., அரசுத் துறைகளின் ஆவணங்களை எல்லாம் ஒன்றாகக் கோக்கும் கணினி மென்பொருள் எனக் கடந்த 20 ஆண்டுகளில் அங்கு வராத தொழில்நுட்பம் இல்லை.

இத்தனைக்கும் பிறகு, 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தலையிட நேர்ந்தது. தெலங்கானாவில் ரத்து செய்யப்பட்ட ஏறத்தாழ 19 லட்சம் குடும்ப அட்டைகளைக் கள ஆய்வு நடத்திச் சரிபார்க்குமாறு அது உத்தரவிட்டது. அதே ஆண்டில்தான், அரசின் நெல்லை அரைத்துத் தருவதற்காக வாங்கி வைத்திருந்த தெலங்கானா ஆலைகளில் லட்சக்கணக்கான மூட்டைகள் குறைவதாக மத்திய உணவு அமைச்சகம் குற்றம் சாட்டியது. முன்னதில் அட்டை பறிபோனவர்களுக்கு முன்னறிவிப்புக்கூட இல்லை. பின்னதில் ஆய்வு, கடிதம், அவகாசம், மறு ஆய்வு என்று மாதங்கள் ஓடின.

ரேஷன் திருட்டைப் பற்றி நாடாளுமன்றத்தில் நடைபெறும் விவாதங்களில் இவ்விரண்டும் பெரும்பாலும் தனித்தனியாகவே பேசப்படுகின்றன. ஆனால் இவை ஒரே கதையின் இரு பாதிகள்.

இரண்டு ரூபாய் அரிசி

கதையின் தொடக்கம் என்.டி. ராமாராவ். 1983-ல் ஆட்சியைப் பிடித்த அவர், தேர்தலில் வாக்களித்தபடி கிலோ 2 ரூபாய்க்கு அரிசி வழங்கத் தொடங்கினார். அரிசியை வைத்து ஆட்சியைப் பிடிக்கலாம் என்பதைத் தமிழக வாசகர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1996-ல் சந்திரபாபு நாயுடு அரசு அந்த விலையை 3 ரூபாய் 50 காசாக உயர்த்தியது. 2008-ல் ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி மீண்டும் 2 ரூபாய்க்குக் கொண்டு வந்தார். 2011-ல் கிரண் குமார் ரெட்டி அதை 1 ரூபாயாக்கினார். தனி மாநிலம் உருவான பிறகு, 2015 ஜனவரி முதல் சந்திரசேகர ராவ் அரசு குடும்பத்துக்கு இத்தனை கிலோதான் என்ற உச்சவரம்பை நீக்கி, தலைக்கு 6 கிலோ என்று அறிவித்தது. 2023 முதல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் அரிசிக்கு விலையே இல்லை.

விலை குறையக் குறைய ஏழையின் வயிறு நிறைந்தது உண்மை. ஆனால் சந்தை விலைக்கும் ரேஷன் விலைக்கும் இடையேயான தூரம் கூடக்கூட, அந்த இடைவெளியில் வாழ்க்கை நடத்துவோரின் எண்ணிக்கையும் கூடியது. இந்திய உணவுக் கழகம் ஒரு கிலோ அரிசியைக் கொள்முதல் செய்து, சேமித்து, கொண்டு சேர்ப்பதற்கு ஆகும் செலவு அண்மை ஆண்டுகளில் சுமார் 40 ரூபாய். அந்த அரிசி கடையைத் தாண்டி வெளியே வரும்போது, தெருமுனையில் ஆட்டோவுடன் காத்திருப்பவர் அதற்குக் கொடுக்கும் விலை அதில் கால் பங்கை ஒட்டியே இருக்கும். மீதி யாருக்கு?

நாடு தழுவிய கணக்கு இன்னும் கசப்பானது. 2005-ல் திட்டக் குழுவின் மதிப்பீட்டுப் பிரிவு வெளியிட்ட ஆய்வு, மத்தியத் தொகுப்பிலிருந்து மானிய விலையில் வழங்கப்படும் தானியத்தில் 58 சதவீதம் வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களைச் சென்றடையவில்லை என்றது. கசிந்த 36 சதவீதத்தில் போலி அட்டைகள் மூலம் போனது 16.67 சதவீதம். நியாய விலைக் கடை மட்டத்திலேயே போனது 19.71 சதவீதம். அதாவது, அட்டைதாரர் செய்த மோசடியைவிடக் கடையில் நடந்த மோசடி அதிகம் என்பது 20 ஆண்டுகளுக்கு முன்பே அரசின் கையில் இருந்த தகவல். இருந்தும், அடுத்து வந்த அரசுகள் எல்லாம் முதலில் கை வைத்தது அட்டையில்தான்.

கருவிழி முதல் கைரேகை வரை

ஒன்றுபட்ட ஆந்திர அரசு 2005-ல் கருவிழிப் படத்துடன் குடும்ப அட்டை வழங்கும் பணியைத் தொடங்கியது. ஆதார் என்ற சொல்லே அப்போது புழக்கத்தில் இல்லை. உலகிலேயே மிகப் பெரிய கருவிழித் திட்டங்களுள் ஒன்று என்று அது பேசப்பட்டது. ஒருவரே இரு அட்டைகளில் இருந்தால் கண் காட்டிக் கொடுத்துவிடும் என்பது எதிர்பார்ப்பு. அட்டை வழங்கும் இடத்தில் கருவிழி பதிவானது. ஆனால் அரிசி வழங்கும் கடையில் கருவிழியைச் சரிபார்க்கும் கருவி இல்லை. வாசலுக்குப் பூட்டுப் போட்டுவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைத்த கதைதான். கடைக்காரர் பழையபடி பதிவேட்டில் தானே எழுதிக்கொள்ள முடிந்தது.

கடையிலேயே கைரேகை வைத்துப் பொருள் வாங்கும் முறை, 2012-ல் கிழக்கு கோதாவரி மாவட்டத்தில் சோதனையாகத் தொடங்கியது. ஹைதராபாத் நகரக் கடைகளுக்கு அந்தக் கருவிகள் 2016-ல் வந்தன. அப்போது குடிமைப்பொருள் வழங்கல் துறை ஆணையராகப் பொறுப்பேற்றவர் சி.வி. ஆனந்த் என்ற ஐ.பி.எஸ். அதிகாரி. பின்னாளில் ஹைதராபாத் மாநகரக் காவல் ஆணையரானவர். அரிசித் துறைக்குக் காவல் அதிகாரியை நியமித்ததே, பிரச்சினையை அரசு எப்படிப் பார்த்தது என்பதற்குச் சான்று.

கைரேகைக் கருவியால் பயன் இல்லை என்று சொல்லிவிட முடியாது. அட்டைதாரர் வராமலேயே "வாங்கினார்" என்று கணக்கெழுதும் பழக்கம் அதனால் பெருமளவு ஒடுங்கியது. மாத இறுதியில் கடையில் மிஞ்சிய அரிசி எவ்வளவு என்பது தலைமை அலுவலகத்துக்குத் தெரிய வந்ததால், அடுத்த மாத ஒதுக்கீட்டில் அதைக் கழித்துக்கொள்ள முடிந்தது. கருவி தந்த சேமிப்பில் பெரும்பங்கு இந்த எளிய கழித்தல் கணக்கிலிருந்து வந்ததே.

அதைவிடப் பெரிய மாற்றம், அதிகம் பேசப்படாத ஒன்று. 2018 முதல் தெலங்கானாவில் எந்தக் கடையிலும் அரிசி வாங்கலாம் என்ற வசதி நடைமுறைக்கு வந்தது. கடைக்காரர் எடையில் குறைத்தாலோ, "நாளை வா" என்று அலைக்கழித்தாலோ, பக்கத்துத் தெருக் கடைக்குப் போய்விடலாம். தெலங்கானாவில் ரேஷன் கடைகளைப் பெரும்பாலும் நடத்துவோர் தனிநபர் முகவர்கள். தமிழகத்தில்போலக் கூட்டுறவுச் சங்கங்கள் அல்ல. அட்டைதாரர் குறைந்தால் முகவரின் கமிஷன் குறையும். தொலைவிலிருந்து பிழைப்புக்கு வந்து, வாடகை வீடு மாறிக்கொண்டே இருப்போர் நிறைந்த ஹைதராபாதில் இதன் அருமை தனி. ஒரே நாடு ஒரே குடும்ப அட்டைத் திட்டம் 2019 ஆகஸ்டில் தொடங்கியபோது, முதலில் இணைக்கப்பட்ட இரு ஜோடிகளில் ஒன்று ஆந்திரம் - தெலங்கானா. மற்றொன்று குஜராத் - மகாராஷ்டிரம்.

ஆனால் கைரேகைக்கும் கள்ளச் சாவி உண்டு என்பதும் வெகுவிரைவில் தெரிந்தது. 2018-ல் குஜராத்தின் சூரத்தில், அட்டைதாரர்களின் கைரேகைப் பதிவுகளைத் திருடி வைத்துக்கொண்டு அரிசி எடுத்ததாகக் கடைக்காரர்கள் கைது செய்யப்பட்டனர். அதே ஆண்டு உத்தரப் பிரதேசத்தில் நடந்தது இன்னும் நூதனமானது. அட்டைதாரரின் ஆதார் எண்ணை அழித்து, வேறொருவரின் எண்ணைப் பதிந்து, அவரது விரலை வைத்துப் பொருளை எடுத்துவிட்டு, மீண்டும் பழைய எண்ணையே போட்டுவிட்டனர். 43 மாவட்டங்களில் இது கண்டறியப்பட்டது. கணக்கின்படி எல்லாம் சுத்தம். அட்டைதாரருக்குத்தான் அரிசி இல்லை.

கடைக்காரர் நேர்மையற்றவராக இருந்தால் விரல் ரேகை சரியாக விழுந்த பிறகும் திருடலாம். 20 கிலோவுக்கு ரேகை வாங்கிக்கொண்டு 18 கிலோ போட்டால், அதைக் கருவி அறியாது. எடைத் தராசைக் கருவியுடன் இணைத்தது இதற்காகத்தான். தமிழகத்தில், வாங்காத பொருளை வாங்கியதாகக் கைபேசிக்குக் குறுஞ்செய்தி வருவது பற்றி அட்டைதாரர்கள் புகார் செய்வது வழக்கம். எரிச்சலூட்டும் செய்திதான். ஆனால் திருட்டு நடந்ததை அட்டைதாரருக்கே உடனுக்குடன் சொல்லும் ஏற்பாடு அதைவிட மலிவாக வேறொன்று இல்லை.

ஆலைக்குள் நடக்கும் மாயம்

கடையை விட்டு ஆலைக்கு வருவோம். பெரிய பணம் இருப்பது இங்குதான்.

தெலங்கானாவில் விவசாயிகளிடமிருந்து மாநில அரசு குறைந்தபட்ச ஆதரவு விலையில் நெல்லைக் கொள்முதல் செய்கிறது. அந்த நெல் தனியார் ஆலைகளிடம் ஒப்படைக்கப்படுகிறது. 100 கிலோ நெல்லுக்குப் பச்சரிசியாக 67 கிலோ, புழுங்கலரிசியாக 68 கிலோ என்ற கணக்கில் ஆலை அரிசியைத் திருப்பித் தர வேண்டும். நெல் அரசுடையது, ஆலைக்கு அரைவைக் கூலி மட்டுமே. பாசனம் பெருகி, 2020-21-ல் மட்டும் மாநிலத்தின் நெல் கொள்முதல் ஏறத்தாழ 140 லட்சம் டன்னைத் தொட்டது. அவ்வளவு நெல்லும் மாதக்கணக்கில் கிடப்பது தனியார் ஆலை வளாகங்களில்.

இப்போது ஆட்டோக்காரர் தெருத் தெருவாகச் சேர்த்த ரேஷன் அரிசி எங்கே போகிறது என்று பாருங்கள். ஒரு பகுதி காகஸ்நகர் வழியாக ரயிலேறி மகாராஷ்டிரத்துக்குப் போகிறது. ஒரு பகுதி கோழித் தீவனமாகிறது. மற்றொரு பகுதி அரிசி ஆலைக்கே திரும்பி வருகிறது. ஆலை அதைப் பட்டை தீட்டி, புதிய சாக்கில் அடைத்து, "உங்கள் நெல்லை அரைத்த அரிசி இதோ" என்று அரசிடமே கொடுத்துவிடும். அரசு தந்த நெல் ஆலையிலேயே தங்கும். அதை அரைத்து வெளிச்சந்தையில் நல்ல விலைக்கு விற்கலாம். அரசு விநியோகித்த அரிசியையே அரசு மீண்டும் பெற்றுக்கொண்டு, அதை மறுபடியும் ரேஷன் கடைக்கு அனுப்பும். ஒரே மூட்டை எத்தனை முறை இந்தச் சுற்று வந்தது என்பதைச் சொல்ல எந்தக் கைரேகைக் கருவியாலும் முடியாது. "மறுசுழற்சி" என்று அதிகாரிகள் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். சுற்றுச்சூழல் துறைக்குப் பொருத்தமான சொல்.

இதில் அட்டைதாரருக்கும் பங்கு உண்டு என்று சிலர் வாதிடுவர். அரிசியை விற்பவர் அவர்தானே என்பது கேள்வி. உண்மைதான். ஆனால் அவர் ஏன் விற்றார்? கடையில் கிடைத்தது பருமனான அரிசி. வீட்டில் அதை உண்ண ஆளில்லை. தெலங்கானாவில் விரும்பி உண்பது சன்ன ரகமாக இருக்க, ரேஷனில் வந்தது மோட்டா ரகம். விற்ற காசுடன் கூடுதலாகப் பணம் சேர்த்து நல்ல அரிசி வாங்கினார். சட்டப்படி இதுவும் குற்றமே. ஆனால் சில பத்து கிலோ விற்றவரையும், ஆயிரக்கணக்கான மூட்டை அரசு நெல்லைக் காணாமல் போகச் செய்தவரையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது.

2021 குளிர்காலக் கூட்டத்தொடரில் தெலங்கானாவின் நெல் கொள்முதல் பிரச்சினை நாடாளுமன்றத்தைக் குலுக்கியது. புழுங்கலரிசியை மத்திய அரசு வாங்க மறுக்கிறது என்று டி.ஆர்.எஸ். உறுப்பினர்கள் அவையின் மையப்பகுதியில் இறங்கி முழக்கமிட்டனர். பின்னர் கூட்டத்தையே புறக்கணித்தனர். 2022 ஏப்ரலில் சந்திரசேகர ராவ் தில்லியில் தர்னா நடத்தினார். அடுத்து, ஜூன் 7 அன்று தெலங்கானாவிலிருந்து மத்தியத் தொகுப்புக்கு அரிசி பெறுவதை மத்திய அரசு நிறுத்தியது. ஏப்ரல், மே மாதங்களுக்கான இலவச அரிசியை மாநில அரசு விநியோகிக்கவில்லை என்பது ஒரு காரணம். ஆலைகளில் நெல் குறைவது மற்றொன்று. மார்ச் இறுதியில் நடந்த ஆய்வில் 40 ஆலைகளில் 4,53,896 மூட்டை நெல் குறைந்ததாக மத்திய அரசு பட்டியலிட்டது. மூட்டைகளை எண்ண முடியாதபடி தாறுமாறாக அடுக்கி வைத்திருந்த ஆலைகள் தனி.

அரசியல் பகையால் தொடுக்கப்பட்ட குற்றச்சாட்டு என்றது மாநில அரசு. அதில் உண்மை இல்லாமலும் இல்லை. ஜூலை 20 அன்று அரிசி பெறுவது மீண்டும் தொடங்கியது. தில்லியும் ஹைதராபாதும் மோதிக்கொண்ட அந்த வாரங்களில், காணாமற்போன மூட்டைகளை விட்டுவிட்டு, யார் யாரை வஞ்சித்தார்கள் என்பதே பேச்சாக இருந்தது. ஆலை அதிபர்களுக்கு இதைவிட வசதியான சண்டை வேறெது?

ஆந்திரத்திலும் நிலைமை வேறல்ல. 2024 நவம்பர் 29 அன்று துணை முதல்வர் பவன் கல்யாண் காக்கிநாடா துறைமுகத்துக்கே படகில் போய், ரேஷன் அரிசி ஏற்றப்பட்டதாகச் சொல்லப்பட்ட "ஸ்டெல்லா எல்" கப்பலைப் பிடித்து வைக்கச் சொன்ன காட்சி நாடெங்கும் தொலைக்காட்சிகளில் ஓடியது. ஏழை வீட்டுக்குப் போக வேண்டிய அரிசி மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்குப் பயணமாகும் அளவுக்கு அந்த வலை விரிந்திருக்கிறது.

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும்

ஆலைகளில் இவ்வளவு நடக்க, அரசின் கூர்மையான ஆயுதம் பாய்ந்தது குடும்ப அட்டைகள்மீது.

தெலங்கானாவில் உணவுப் பாதுகாப்பு அட்டை பெற, ஆண்டு வருமானம் கிராமத்தில் ஒன்றரை லட்சம், நகரத்தில் 2 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். நான்கு சக்கர வாகனம் வைத்திருப்போர், அரசு ஊழியர் போன்றோருக்கு இடமில்லை. விதி நியாயமானதே. இதை வீடு வீடாகச் சென்று சரிபார்க்காமல், "சமக்ர வேதிகா" என்ற மென்பொருளிடம் ஒப்படைத்தார்கள். வாகனப் பதிவு, சொத்து வரி, மின் இணைப்பு என்று பல துறைகளின் ஆவணங்களிலிருந்து ஒரே பெயர், ஒத்த முகவரி உடையவற்றை எடுத்து, இவர் இன்னார்தான் என்று முடிவு கட்டுவது அதன் வேலை.

மென்பொருள் மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டது. ஹைதராபாத் பழைய நகரத்தின் சந்துகளில் ஒரே பெயரில் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதை அறிய கணினி தேவையில்லை. ஒரு தபால்காரரைக் கேட்டாலே போதும். சையது என்றும் அலி என்றும் தொடங்கி முடியும் பெயர்கள் தெருவுக்குப் பத்து. தெலுங்கில், உருதுவில், ஆங்கிலத்தில் என மூன்று மொழிகளில் மூன்று விதமாக எழுதப்படுபவை. ரிக்‌ஷா ஓட்டிப் பிழைத்த ஒருவரை, பெயர் ஒற்றுமையை வைத்துக் காருக்குச் சொந்தக்காரர் என்று கணினி தீர்மானித்து, அவர் குடும்பத்தின் அட்டை பறிபோன நிகழ்வு பின்னர் செய்தியாளர்களின் புலனாய்வில் வெளிவந்தது. அந்தக் குடும்பம் கடைக்குப் போனபோதுதான் விஷயமே தெரிந்தது.

ஹைதராபாத் சமூக ஆர்வலர் எஸ்.க்யூ. மசூத் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை வந்தது. ஏறத்தாழ 19 லட்சம் அட்டைகள் நோட்டீஸ் இன்றி, விசாரணை இன்றி, கணினியின் முடிவை மட்டும் வைத்து ரத்து செய்யப்பட்டன என்பது மனுவின் சாரம். 2022 ஏப்ரல் 27 அன்று, ரத்தான அட்டைகள் அனைத்தையும் நேரில் சரிபார்க்கும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது.

அதன் பிறகு மாநில அரசுக்கு 4.9 லட்சம் விண்ணப்பங்கள் வந்தன. அவற்றில் 2,05,734 சரிபார்க்கப்பட்ட நிலையில், 15,471 பேர் தகுதியுடையவர்கள் என்று தெரிந்தது. 100-க்கு ஏழரை. இந்தக் கணக்கை அரசுத் தரப்பு தனக்குச் சாதகமாகவே காட்டலாம்: 92 பேருக்கு மேல் தகுதியற்றவர்கள்தானே என்று. ஆனால் விண்ணப்பிக்காதவர்கள் இந்தக் கணக்கிலேயே வரவில்லை. 2016 வாக்கில் அட்டையை இழந்து, ஆறு ஆண்டுகளில் வீடு மாறியவர், ஊர் மாறியவர், இறந்தவர் யாரும் விண்ணப்பம் எழுதப் போவதில்லை. தகுதியுள்ள 15,471 குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் இழந்த அரிசி, திருட்டு என்ற தலைப்பின்கீழ் எந்த அறிக்கையிலும் இடம்பெறவில்லை.

இடையில் புதிய அட்டைகளும் வழங்கப்படவில்லை. பல ஆண்டுகள் கதவடைத்திருந்த அரசு, 2021 ஜூலையில் திடீரென 3 லட்சத்துக்கும் மேற்பட்ட புதிய அட்டைகளை வழங்கியது. அக்டோபரில் ஹுசூராபாத் இடைத்தேர்தல் என்பது குறிப்பிடத்தக்கது. அடுத்து பெரிய அளவில் அட்டை வழங்கப்பட்டது ஆட்சி மாறிய பிறகு, 2025-ல்தான்.

தில்லியின் கணக்கு

இது தெலங்கானாவின் தனிக் குறை அன்று. ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 2017 செப்டம்பரில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாருடன் இணைக்காததால் குடும்பத்தின் அட்டை ரத்தாகி, மாதக்கணக்கில் அரிசி கிடைக்கவில்லை என்று தாய் கூறினார். பட்டினிச் சாவு அல்ல என்றது அரசு. அதற்கு அடுத்த மாதமே, ஆதார் இல்லை என்பதற்காக எவர் பெயரையும் நீக்கக் கூடாது என்று மத்திய உணவுத் துறை மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்ப வேண்டியதாயிற்று.

கணினிமயமாக்கலால் 5.8 கோடி போலி அட்டைகள் நீக்கப்பட்டதாக 2024 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. ஆனால் இந்த நீக்கங்களைப் பற்றி நாடாளுமன்றத்தில் அளிக்கப்பட்ட பதில்களைக் கூர்ந்து படித்தால், போலி, இரட்டைப் பதிவு, தகுதியின்மை, இறப்பு, இடப்பெயர்வு எல்லாம் ஒரே மூட்டையில் கட்டப்பட்டிருப்பது தெரியும். பிழைப்புக்காக ஊர் மாறிய தொழிலாளியும், கற்பனைப் பெயரில் அட்டை வாங்கிய மோசடிக்காரரும் ஒரே பட்டியலில். எத்தனை பேர் தவறாக நீக்கப்பட்டனர் என்பதற்கு அதில் தனிக் கட்டம் கிடையாது. கேட்காத கேள்விக்கு அமைச்சர்கள் பதில் சொல்வதில்லை; கேட்க வேண்டிய உறுப்பினர்களோ "எத்தனை போலி அட்டைகள் ஒழிக்கப்பட்டன?" என்றே எழுதிக் கொடுக்கிறார்கள்.

அதே நவம்பரில் பொருளியலாளர் அசோக் குலாட்டி உள்ளிட்டோரின் ஆய்வு, 2022-23 குடும்பச் செலவினக் கணக்கெடுப்பின் அடிப்படையில், அரசு வழங்கும் அரிசியிலும் கோதுமையிலும் 28 சதவீதம் இன்னும் உரியவரைச் சேரவில்லை என்றது. ஏறத்தாழ 2 கோடி டன். மதிப்பு 69 ஆயிரம் கோடி ரூபாய். 2011-12-ல் 40 சதவீதத்துக்கும் மேல் இருந்ததோடு ஒப்பிட்டால் முன்னேற்றமே. ஆனால் ரேஷன் விநியோகத்தில் 98 சதவீதம் ஆதார் சரிபார்ப்புடன் நடப்பதாக அரசு சொல்லும் காலத்திலும் கால் பங்குக்கு மேல் மாயமாகிறது என்றால், திருடன் கைரேகைக் கருவிக்கு அப்பால் இருக்கிறான் என்பதே பொருள்.

பிடிபடும் கடத்தல்காரருக்கு என்ன ஆகிறது? 1955-ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தின்படி 7 ஆண்டு வரை சிறை உண்டு. சரக்கை ஆட்சியரே பறிமுதல் செய்யலாம். 1980-ஆம் ஆண்டின் கள்ளச்சந்தைத் தடுப்புச் சட்டத்தின்படி 6 மாதம் வரை தடுப்புக் காவலில் வைக்கலாம். காகிதத்தில் கடுமையான சட்டங்கள். ஆனால் வாடகைக்கு ஓடும் லாரியின் உரிமையாளர், சரக்கின் சந்தை மதிப்புக்கு மேற்படாத தொகையை அபராதமாகக் கட்டினால் வண்டியை மீட்டுக்கொள்ளலாம் என்று அதே சட்டம் வழி விட்டிருக்கிறது. மறுபுறம், அட்டைதாரருக்கு உரிய நிவாரணத்தைக் கொடுக்கத் தவறும் அதிகாரிக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டம் விதிக்கும் உச்சபட்ச அபராதம் 5,000 ரூபாய்.

அமெரிக்காவிலும் இதே கேள்வி வேறு வடிவில் எழுந்தது. அங்கு ஏழைகளுக்கான உணவு உதவி, வங்கி அட்டை போன்ற ஒரு காந்தப்பட்டை அட்டையில் வருகிறது. கடைகளில் உள்ள கருவியின்மேல் கள்ளக் கருவியைப் பொருத்தி, அட்டை விவரத்தையும் ரகசிய எண்ணையும் திருடி, மாதத் தொகை வரவு வைக்கப்பட்ட உடனேயே துடைத்தெடுக்கும் கும்பல்கள் பெருகின. வங்கி அட்டையில் பணம் பறிபோனால் வாடிக்கையாளருக்குப் பாதுகாப்பு உண்டு. உணவு அட்டைக்கு அது இல்லை. 2022 டிசம்பரில் அந்நாட்டு நாடாளுமன்றம், திருடுபோன தொகையை ஈடுசெய்யச் சட்டம் இயற்றியது. அந்த ஏற்பாடு 2024 டிசம்பர் 20-உடன் காலாவதியானது. திருட்டில் நட்டம் யாருடையது என்பதை அங்கே இரண்டு ஆண்டுகளாவது வெளிப்படையாகப் பேசி, அரசு ஏற்றுக்கொண்டது.

நம் சட்டத்திலும் அதற்கு இடம் இருக்கிறது. உரிய தானியம் கிடைக்காவிட்டால் உணவுப் பாதுகாப்புப் படி வழங்க வேண்டும் என்கிறது 8-வது பிரிவு. மாவட்டக் குறைதீர்ப்பு அலுவலர், மாநில உணவு ஆணையம், கடைதோறும் கண்காணிப்புக் குழு, சமூகத் தணிக்கை எல்லாம் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ளன. கணினிக்குக் கிடைத்த அக்கறையில் பத்தில் ஒரு பங்குகூட இவற்றுக்குக் கிடைக்கவில்லை.

சன்ன அரிசி வந்த பிறகு

2025 மார்ச் 30, யுகாதி நாளன்று ரேவந்த் ரெட்டி அரசு ஹுசூர்நகரில் சன்ன அரிசித் திட்டத்தைத் தொடங்கியது. தலைக்கு 6 கிலோ. மத்திய அரசின் 5 கிலோவுடன் மாநிலத்தின் 1 கிலோ. முந்தைய 2024 காரிஃப் பருவத்திலேயே சன்ன நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 500 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்து அதற்கு வழி செய்திருந்தது. வாக்கு வங்கிக் கணக்கு இதில் இல்லை என்று யாரும் சொல்லப் போவதில்லை. ஆனால் கருவியோ காவலரோ இல்லாமல் திருட்டின் வேரைத் தொடும் நடவடிக்கை இது ஒன்றுதான். வெளிச்சந்தையில் கிலோ 40, 50 ரூபாய்க்கு வாங்கிய அதே அரிசி ரேஷனில் கிடைத்தால், அதைப் பத்து ரூபாய்க்கு ஆட்டோக்காரரிடம் போட யாருக்கும் மனம் வராது. ஆட்டோவுக்குச் சரக்கு இல்லையென்றால் ஆலையின் மறுசுழற்சிக்கும் தீனி இல்லை. ஆனால் உயர்ந்த விலையுள்ள அரிசி என்பதால், கடையிலும் கிடங்கிலும் கை வைப்பவருக்கு ஆசை முன்னிலும் கூடும். ஆலைகளில் கிடக்கும் நெல்லை எண்ணுவதில் காட்டப்படும் கண்டிப்பைப் பொறுத்தே இந்தத் திட்டத்தின் ஆயுள் அமையும்.

இதற்கிடையே, 2025 ஜூலையில் மத்திய அரசு பொது விநியோகக் கட்டுப்பாட்டு ஆணையைத் திருத்தியது. 6 மாதம் தொடர்ந்து பொருள் வாங்காத அட்டை தற்காலிகமாக முடக்கப்படும். அதன் பிறகு 3 மாதங்களுக்குள் மாநில அரசு கள ஆய்வும் மின்னணுச் சரிபார்ப்பும் நடத்தி, தகுதி உண்டா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டும். கள ஆய்வு என்ற சொல் ஆணையிலேயே இடம்பெற்றிருப்பது, ஹைதராபாத் வழக்குக்குப் பிறகு வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால் வரிசை பழைய வரிசைதான்: முதலில் முடக்கம், பிறகு விசாரணை. செங்கல் சூளைக்கோ கட்டட வேலைக்கோ போய்விட்டு அரை ஆண்டு கழித்துத் திரும்பும் நான்கு பேர் கொண்ட ஒரு தெலங்கானா குடும்பத்துக்கு, அந்த விசாரணை முடியும்வரை காத்திருக்கும் 3 மாத அரிசி 72 கிலோ.